பென் டிரைவில் அன்னப்பட்சி

காஞ்சிபுரம் என்றால் கோயில், இட்லி, கல்யாணப் பட்டு என்று மூன்றோடு முடித்துக்கொள்கிறவர்கள் பிள்ளையார்பாளையம் பக்கமும் ஒரு நடை போய் வரலாம். வாசல் கோலத்தைத் தாண்டும்போதே உள்ளேயிருந்து 'டக்... டக்...' கேட்கும். தறி!

நான் பட்டு வாங்கப் போகவில்லை (பர்ஸ் தாங்காது). தறிக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாமே, பார்க்கலாம் என்றுதான் போனேன்.

ஒரு பெரியவர் வீட்டில் இரண்டு தறி. பழைய தறியின் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து ஓட்டை ஓட்டையாய் அட்டைகள், மாலை மாதிரி தொங்குகின்றன. ஒரு ஊடை இழைக்கு ஒரு அட்டை. ஓட்டை இருந்தால் அந்தப் பாவு இழை மேலே எழும்பும், இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். முந்தியில் 2,000 வரி டிசைன் என்றால் 2,000 அட்டை! முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, பிறகு அட்டை அடித்து, வரிசையாகக் கோர்க்க வேண்டும். ஒரு அட்டை மாறிப்போனாலும் அன்னப்பட்சிக்கு மூக்கு கோணிவிடும்.

பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. இந்த ஓட்டை அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்கும் அட்டை போட நினைத்தார். அமெரிக்காவின் 1890 ஜனத்தொகைக் கணக்கையும் ஓட்டை அட்டையில்தான் எண்ணினார்கள். ஆக, தறிக்குக் கம்ப்யூட்டர் வந்தது அதிசயமே இல்லை. பேரன் தாத்தா வீட்டுக்கு வந்திருக்கிறான், அவ்வளவுதான்!

இரண்டாவது தறியில் அட்டையே கிடையாது. மேலே எலெக்ட்ரானிக் பெட்டி, பக்கத்தில் பென் டிரைவ். நாமெல்லாம் ஆபீசில் சினிமாப் பாட்டு கைமாற்றும் அதே சாமான். பாட்டி காலத்துச் சேலையை ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டரில் சரிசெய்து செருகினால், எந்த இழை எழும்ப வேண்டும் என்பதைக் காந்தம் பார்த்துக்கொள்கிறது.

"அப்போ சீக்கிரம் நெய்யலாமே ஐயா?"

"எங்க தம்பி! கை அதே கை, கால் அதே கால். முன்னாடி புது டிசைனுக்கு அட்டை வர்ற வரைக்கும் தறி சும்மா கிடக்கும், கூலி கிடையாது. அது மட்டும் மிச்சம்."

உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வை போட இப்போதும் மூன்று நாடா வேண்டும், கூட ஒரு ஆளும் வேண்டும். அதற்குப் பென் டிரைவ் உதவாது. நல்லவேளை!

அடுத்த தெருவில் அட்டை அடித்துக்கொண்டிருந்தவருக்குத்தான் வேலை போயிற்று. "இப்ப எங்கயோ வாட்ச்மேனா இருக்காப்ல" என்றார் பெரியவர், சட்டென்று குரலைத் தாழ்த்தி.

அவருடைய பயம் வேறு. அட்டைக் கட்டை யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. ஃபைலை முடியும். இங்கே ஒரு சேலை தறியிலிருந்து இறங்குவதற்குள் அதே அன்னப்பட்சி எங்கேயோ விசைத்தறியில் டஜன் கணக்கில் பறக்கும். சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் இருக்கிறது. பென் டிரைவை எந்தச் சட்டம் சோதனை போடும்? கடையில் அடுக்கி வைத்தால் எது கை, எது விசை என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. உங்களுக்கு?

பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. புதுத் தறி கப்சிப்.

"பேட்டரி வாங்கணும்" என்று பெரியவர் எழுந்து துண்டை உதறினார். அந்த அம்மா மட்டும் பழைய தறியில் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தார்.