சாய்ஸ்ல ஒரு லைசென்ஸ்!

செமஸ்டர் கொஸ்டின் பேப்பரில் 'அல்லது' போட்டு ரெண்டு கேள்வி இருக்குமே... அதில் ஒண்ணை சாய்ஸில் விடுறதில் நாமெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டிலும் இப்படி சாய்ஸ் உண்டு. 'ஆப்ஷனல் டிபெண்டன்சி' என்பார்கள். அடுத்தவர் எழுதிய லைப்ரரி. சேர்த்தால் கூடுதல் வசதி, விட்டாலும் புரோகிராம் ஓடும். 'சும்மா கிடைக்குதே, சேர்த்துடுவோம்'னு கை பரபரக்கும். அங்கேதான் இருக்கு வில்லங்கம். கோடுக்குத்தான் அது சாய்ஸ். சேர்த்துக் கம்பைல் செஞ்சு அடுத்தவர் கையில் கொடுத்துட்டா, அதோட லைசென்ஸ் கம்பல்சரி!

இது பழைய சண்டை. லிஸ்ப் மொழிக்கான சிலிஸ்ப் என்ற சாஃப்ட்வேரில், டைப் செய்த வரியைத் திருத்த 'ரீட்லைன்' லைப்ரரியைச் சேர்க்க வழி வைத்திருந்தார் புரூனோ ஹைபிள். ரீட்லைனோ ஜிபிஎல் லைசென்ஸ். சிலிஸ்ப்பும் ஜிபிஎல்லில்தான் வரணும் என்றார் ரிச்சர்ட் ஸ்டால்மேன். ரீட்லைன் இல்லாமலும் ஓடுமே என்று ஹைபிள் மல்லுக்கட்டினார். கடைசியில் 1992-ல் சிலிஸ்ப் ஜிபிஎல்லுக்கு மாறியது. என் ஓட்டு இன்னமும் ஹைபிளுக்குத்தான். ஆனா, என் ஓட்டை யார் எண்ணப் போறாங்க?

நம்ம ஊர் பசங்க அதிகம் கை வைக்கிற எஃப்எஃப்எம்பெக் இந்த விஷயத்தில் ரொம்ப நேர்மை. சாதாரணமா அது எல்ஜிபிஎல். எக்ஸ்264 வேணும்னா 'எனேபிள் ஜிபிஎல்'னு நீங்களே டைப் பண்ணணும். அப்போ மொத்தமும் ஜிபிஎல் ஆயிடும். அதோடு எஃப்டிகே ஏஏசி-யும் வேணுமா? 'எனேபிள் நான்ஃப்ரீ' போடணும். ரெண்டு லைசென்ஸும் மாமியார் மருமகள் மாதிரி, ஒத்துப்போகாது. 'இதை வெளியே விநியோகிக்க முடியாது'ன்னு கடைசி வரியில் அதுவே சொல்லிடும். உங்க மெஷினில் ஓட்டிக்கலாம், தப்பில்லை. பென் டிரைவில் நண்பனுக்குக் கொடுத்தால் தப்பு.

எங்க டீம் நாலு பேர், பாட வீடியோவைச் சுருக்கும் சாஃப்ட்வேர் ஒண்ணு செஞ்சோம். எஃப்எஃப்எம்பெக் லைப்ரரியை நேரா லிங்க் பண்ணியிருந்தோம், எக்ஸ்264-உடன். ஒரு டியூஷன் சென்டர்காரர் காசு கொடுத்து வாங்க வந்தார். எங்களுக்கு முதல் சம்பாத்தியம். மற்ற சென்டர்களுக்கும் விற்கலாம்னு கனவு வேற. எக்ஸ்264-ஓட கொடுத்தா எங்க சோர்ஸ் கோடையும் ஜிபிஎல்லில் கொடுத்தாகணும். அவர் அதை யாருக்கு வேணும்னாலும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம், விற்கலாம்.

ரெண்டு ராத்திரி வாக்குவாதம். 'யாருடா செக் பண்ணப்போறா?' என்றான் ஒருத்தன். எக்ஸ்264 எழுதினவனும் நம்மள மாதிரி ராத்திரி முழிச்சவன்தானேன்னு எனக்குத் தோணுச்சு. அவன் போட்ட ஒரே கண்டிஷனையும் மதிக்கலைன்னா எப்படி? கடைசியில் எக்ஸ்264-ஐ எடுத்துட்டு, பிஎஸ்டி லைசென்ஸில் வரும் சிஸ்கோவின் ஓப்பன்ஹெச்264-ஐ மாட்டினோம். (காப்புரிமை தனிக்கதை, அதுக்கு இன்னொரு ராத்திரி போச்சு.) எஃப்எஃப்எம்பெக்கைத் தனி லைப்ரரி ஃபைலா வெச்சு, அதோட சோர்ஸையும் லைசென்ஸையும் கூடவே கொடுத்தோம்.

ஃபைல் சைஸ் முன்னைவிடக் கொஞ்சம் கூடுது. சென்டர்காரர் அதுக்காக விலையைக் குறைச்சுட்டார்.