ஏழாவது குப்பி

கலைப்பீடத்து மாணவன் ஒருவன் வாயு நிறப்பதிவுக் கருவியைப் பற்றி எழுதப் புகுவது விஞ்ஞானபீட நண்பர்களுக்கு நகைப்பூட்டக்கூடும். கடந்த விடுமுறையில் ஆறு வாரங்கள், கொழும்புக்கு அண்மையிலுள்ள சிறியதோர் ஆய்வுகூடத்தில் பதிவேடு எழுதும் பணி எனக்குக் கிடைத்தது. அங்கு தொழில்நுட்பவியலாளராக இருப்பவர் என் சித்தப்பா. ஒவ்வொரு நாட் காலையிலும் கருவியின் கழுவற் குப்பியை நிரப்பி வைப்பதும் என் கடமைகளுள் ஒன்று. இக்கட்டுரை எழுந்ததே அச்சிறு கடமையினால்தான்.

நிறப்பதிவு என்ற பெயருக்கு மூலகாரணர் உருசியத் தாவரவியலாளரான மிக்காயில் சுவெற். இலையின் சாற்றைச் சுண்ணத் தூள் நிரப்பிய குழாயில் வடியவிட்டு, நிறப் பட்டைகளாகப் பிரியக் கண்டு, 1906 இல் அப்பெயரை இட்டார். 1952 இல் ஜேம்ஸ், மாட்டின் என்போர் வெளியிட்ட வாயு முறையிலோ நிறம் எதுவும் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மொழி பயில்வோருக்கு இது புதுமையன்று.

சித்தப்பாவின் கருவி முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதன் தலைமேல் தன்னியக்க மாதிரியூட்டி என்னும் சிறு கோபுரம் நிற்கிறது. அதனுள் இருக்கும் சிறிஞ்சு, வட்டில் அடுக்கிய கண்ணாடிக் குப்பிகளிலிருந்து முறையே ஒரு மைக்குரோலீற்றர் திரவத்தை உறிஞ்சி, இறப்பர்த் தகட்டைத் துளைத்து, 250 பாகை வெப்பமுள்ள வாயிலுக்குள் கண்ணிமைப் பொழுதிற் செலுத்தும். திரவம் ஆவியாகி, 30 மீற்றர் நீளமுள்ள மயிர்போன்ற நிரலூடாக ஈலியத்தினால் இழுத்துச் செல்லப்படும். கூறுகள் ஒவ்வொன்றாக வெளிவந்து ஐதரசன் சுவாலையில் எரியும்போது, தாளில் உச்சிகள் வரையப்படும். உச்சியின் பரப்பே அளவு. ஒரு மாதிரி முடிந்ததும் சிறிஞ்சு கழுவற் குப்பியிலுள்ள கரைப்பானை உறிஞ்சித் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்.

அன்று கறுவாப்பட்டை எண்ணெய் மாதிரிகள். ஏழாவது குப்பி, மாத்தறைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்த பெரியவர் ஒருவருடையது. தாமே வடித்த எண்ணெயை ஒரு போத்தலிற் கொணர்ந்து, சான்றிதழைக் கையோடு பெற்றுச் செல்ல வெளி வாங்கிற் காத்திருந்தார். கறுவாப்பட்டை எண்ணெயின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதிலுள்ள சினமல்டிகைட்டு. அவருடைய எண்ணெய்க்கு வந்த விடை நூற்றுக்கு 38.

தேங்காயெண்ணெய் போன்றதொன்றைக் கலந்திருக்கலாம் என்றார் சித்தப்பா. அத்தகைய எண்ணெய் நிரலைக் கடந்து வெளிவராது. ஆகவே உச்சிகளின் விகிதம் மாறாது, எல்லாம் ஒருங்கே சிறுக்கும். தாளில் இருந்ததும் அதுவே. நானும் நம்பினேன். கதவிடுக்கால் அந்த மனிதரைப் பார்த்து, "இவரா கலப்படம் செய்பவர்!" என்று எண்ணியதும் உண்மை. இன்று நினைக்க வெட்கமாயிருக்கிறது.

பதிவேட்டில் எண்ணை எழுதியபோதுதான் மேலேயிருந்த வரிகள் கண்ணில் உறுத்தின. நான்காவதிலும் ஐந்தாவது குறைவு. ஐந்தாவதிலும் ஆறாவது குறைவு. அவை வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவை. கலப்படம் செய்வோர் வரிசை எண் பார்த்தா செய்வார்கள்? ஏடு பெயர்த்து எழுதுவோன் இறுதி ஓலைகளை அணுகுகையில் களைப்பால் எழுத்துகளை விடத் தொடங்குவான் என்று பதிப்பியல் வகுப்பிற் கேட்டது நினைவுக்கு வந்தது. தயங்கித் தயங்கிச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பதிவேட்டையே பார்த்திருந்தார்.

"தம்பி, காலமை போட்ட நியமக் கரைசலை இன்னொருக்காப் போட்டுப் பாப்பம்."

காலையில் கிடைத்த பரப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் இப்போது கிடைத்தது. நியமக் கரைசலில் எவரும் எதையும் கலக்கவில்லையே! உச்சிகள் வெளிவரும் நேரம் மாறவில்லை. ஆகவே வாயு ஓட்டத்திலும் வெப்பத்திலும் குறையில்லை. வாயில் ஆறும்வரை காத்திருந்து இறப்பர்த் தகட்டை மாற்றினார், பயனில்லை. பின்பு வேறொரு சிறிஞ்சினால் தம் கையாலேயே மூன்று முறை செலுத்தினார். மூன்றும் காலைப் பரப்போடு ஒத்துவந்தன. குற்றம் வாயிலிலும் இல்லை, நிரலிலும் இல்லை, கோபுரத்திலேயே இருந்தது.

சிறிஞ்சைக் கழற்றியபோது அதன் உள்தண்டு கபில நிறப் பிசின் படிந்து இறுகியிருந்தது. அந்த இறுக்கத்தை இழுத்து இழுத்து, தண்டின் தலையைப் பற்றும் திருகும் தளர்ந்துவிட்டது. மோட்டர் முழுத் தூரம் நகர்ந்தது, தண்டு நகரவில்லை. பிசின் படிந்ததேன்? கழுவற் குப்பியை எடுத்து வெளிச்சத்திற் பிடித்தார். அடியில் ஒரு விரற்கடை திரவம் கிடந்தது. ஊசியின் முனை அவ்வளவு தாழ்வுக்கு இறங்குவதில்லை. மூன்று நாட்களாக நான் காலையில் எட்டிப் பார்த்து, "இருக்கிறது" என்று விட்டுவிட்ட குப்பி அது. கருவியோ காற்றை உறிஞ்சி, கழுவியாயிற்று என்று கணக்கு வைத்துக்கொண்டது.

சொன்னேன். அவர் திட்டவில்லை. "இருக்குதோ எண்டு பாக்கிறதில்லை, எட்டுதோ எண்டு பாக்கோணும்" என்றபடி புதிய சிறிஞ்சைப் பொருத்தினார்.

நியமக் கரைசல் ஐந்து முறையும் ஒத்துவந்தபின் மாதிரிகளை மீண்டும் ஓட்டினோம். பெரியவரின் எண்ணெய் 61. முதல்நாள் அனுப்பிவிட்ட இரு அறிக்கைகளையும் தொலைபேசியில் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அவற்றுள் ஒன்று பிழை. மாலை நான்கு மணிக்குச் சான்றிதழைக் கொடுத்தபோது, மெசின் பழுதாகிவிட்டதென்று சித்தப்பா சிங்களத்திற் கூறித் தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தார். பெரியவர் சிரித்து என்னையும் நோக்கித் தலையசைத்தார். பழுதானது மெசின் அல்ல என்று சொல்ல என் சிங்களம் போதாது என அன்று சமாதானம் செய்துகொண்டேன். அவ்வளவு சிங்களம் எனக்குத் தெரியும்.

பதிவேட்டிற் பிழையான எண்ணை அழிக்கக்கூடாது என்பது அங்குள்ள விதி. 38 இன் மேல் ஒற்றைக் கோடிழுத்து, பக்கத்தில் 61 என்று எழுதி, காரணம் என்ற நிரலில் "கழுவற் குப்பி நிரப்பப்படவில்லை" எனக் குறித்து, என் கையொப்பத்தை இட்டேன்.