நடுவில் விழும் பந்து



அஸருக்குப் பின் எமது மத்ரஸா முற்றத்தில் பிள்ளைகள் இறகுப்பந்து ஆடுவர். அன்று ஓரணியினர் இருவருக்கு நடுவே விழுந்த பந்தை இருவருமே எடுக்கவில்லை. "உன் பந்துதான்" என்று ஒருவரையொருவர் குறைகூறிச் சண்டையிட்டனர்.

அவர்களை அமர்த்தி, சாத்விக்சாய்ராஜ் – சிராக் ஷெட்டி இணையைப் பற்றிச் சொன்னோம். ஒருவர் ஆந்திரத்து அமலாபுரம், மற்றவர் மும்பை. தாய்மொழி வேறு. இருவரும் பின்களத்தில் நின்று ஓங்கி அடிக்கவே விரும்பியவர்கள். மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர் அவர்களை இணைத்தபோது, ஒருவர் முன்களத்திற்கு வர வேண்டியிருந்தது, சிராக் வந்தார். 2022இல் இந்தியா முதன்முறையாகத் தாமஸ் கோப்பையை வென்ற அணியில் இருவரும் இருந்தனர். 2023இல் ஹாங்சோவில், ஆசிய விளையாட்டு இறகுப்பந்தில் இந்தியாவின் முதல் தங்கத்தையும் பெற்றனர். உலகத் தரவரிசையில் முதலிடமும் அடைந்தனர்.

"நடுவில் விழும் பந்து இருவரின் பொறுப்பு" என்று முடித்தோம். சிறுவன் ஒருவன் கேட்டான்: "உஸ்தாது, நீங்களும் உங்க காக்காவும் ஏன் பேசுறதில்ல?"

வாப்பாவின் தோப்புப் பங்கில் தொடங்கிய மௌனம் அது; ஏழு மாதமாயிற்று. சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுங்கலாகாது எனப் பாடம் நடத்துபவர் நாமே. காக்கா முதலில் வரட்டும் என்றிருந்தோம். அவரும் அப்படியே இருந்திருப்பார்.

மஃரிப் தொழுதுவிட்டுத் தக்கலை பேருந்தில் ஏறினோம். கதவு திறந்ததும் நாமே முந்தி ஸலாம் உரைத்தோம். தோப்புப் பங்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் அன்றிரவு ஒரே தட்டில் உண்டோம். அல்ஹம்துலில்லாஹ்.