காலண்டர் தாள் ஒட்டிய கூடு

20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏற்காட்டில் இறங்கினால், மே மாதக் கூட்டம். படகுத்துறையில் வரிசை, லேடீஸ் சீட் காட்சிமுனையில் நிற்கவே இடமில்லை. நாகலூர் பக்கம் நடையைக் கட்டினேன். சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டம், அதை ஒட்டி ஓட்டு வீடுகள். ஒரு திண்ணைக்கு மேலே காகித விளக்கு. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்னும் கழற்றாத சோம்பேறிகள் என்று நினைத்தேன்.

"நட்சத்திரம் இல்ல தம்பி, வெசாக் கூடு" என்றார் திண்ணையில் இருந்த அம்மா.

இலங்கையில், அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அங்கிருந்த தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1972இல், 16 வயதில், ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, மண்டபம் முகாமில் கிடந்து, எங்கெங்கோ அலைந்து கடைசியில் இந்த மலைக்குக் காப்பிப் பழம் பறிக்க வந்திருக்கிறார்.

கூடு கட்டக் கற்றுக்கொடுத்தது தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கீழே கடை வைத்திருந்த சிங்கள அக்கா. 24 மூங்கில் குச்சிகள். நாலு நாலாகக் கட்டினால் ஆறு சதுரம். மூலைக்கு மூலை முடிந்தால் நடுவே எட்டு முக்கோணம் தானாக விழும். மேலே டிசு தாள், மைதாப் பசை, கீழே வால். சிங்களத்திலும் அதற்குக் கூடு என்றுதான் பேர். வெசாக் என்பதும் நம் விசாகம்தான். புத்தர் பிறந்ததும், ஞானம் பெற்றதும், மறைந்ததும் அந்தப் பௌர்ணமியில் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை.

"அந்த அக்கா இப்ப இருக்காங்களா?"

"யாருக்குத் தெரியும்? கூடு கட்டுற வரைக்கும் இருக்காங்கன்னு வச்சுக்கிறது."

இரு நாட்டு நட்புறவு என்று மேடையில் யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். அந்தத் திண்ணையில் வரவில்லை.

கூட்டின் ஒரு சதுரத்தில் மட்டும் டிசு தாள் இல்லை. தீர்ந்துபோனதால் தினசரிக் காலண்டர் தாளை ஒட்டியிருந்தார். உள்ளே எரிந்த சின்ன பல்பு வெளிச்சத்தில் ராகு காலம், எமகண்டம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

மறுநாள் சேலத்தில் இறங்கியதும் பத்து வெள்ளை டிசு தாள் வாங்கிச் சுருட்டி, ஏற்காடு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினேன்.