ஜூலை 31-க்குப் பிறகும் ஒரு கெடு

2024 ஜூலை 31, இரவு பதினொரு மணி. ஓர் ஆசிரியர் வருமான வரி ரிட்டர்னை ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். (குறித்த நாளில் நோட்டு வைக்காத மாணவர்களை வெளியே நிறுத்துகிறவர்!) ஓடிபி போட்டுச் சரிபார்க்க மட்டும் மறந்துவிட்டார். அதற்கு 30 நாள்தான் கெடு. 2022 ஆகஸ்டுக்கு முன்பு 120 நாள் இருந்தது.

செப்டம்பர் நடுவில்தான் ஞாபகம் வந்தது. செய்தார். ஆனால் சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாள் என்றாகிவிட்டது. வருமானம் ஐந்து லட்சத்துக்கு மேல் என்பதால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். அதுகூடப் பரவாயில்லை. தாமதமாகத் தாக்கல் செய்தால் பழைய வரிமுறை கிடையாது. பி.எஃப்., எல்.ஐ.சி. என்று வருடம் முழுக்கச் சேர்த்த ரசீதுகள் எதற்கும் உதவவில்லை. பங்குச் சந்தையில் அந்த வருடம் வந்த நஷ்டத்தையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.