கரடிப் பேரேரி

கனடா தேசத்தின் வடமேற்குக் கோடியிலே, ஆர்க்டிக் வட்டத்தின் குறுக்கே கிடக்கும் ஏரியொன்றைப் பற்றிச் சிறிது அறிவோமாக. ஆங்கிலத்தில் அதற்குக் கிரேட் பேர் லேக் என்று பெயர்; கரடிப் பேரேரி எனத் தமிழில் வழங்கலாம். பரப்பு சுமார் 31,000 சதுர கிலோமீட்டர். கேரள ராஜ்யத்தை ஐந்து கூறாக்கினால் நான்கு கூறு அந்நீருக்குள் அடங்கும். இத்துணைப் பெரிய ஏரியின் கரையில் உள்ள ஊரோ ஒன்றே ஒன்று. அதில் ஆயிரம் பேர்கூட இல்லை!

படத்தில் நோக்கினால் ஏரி ஐந்து கைகளை நீட்டிக் கிடப்பது தெரியும். கிழக்குக் கை, பூமியின் மிகப் பழைய பாறைத் தளத்தைப் பனிப்பாறைகள் அகழ்ந்த பள்ளம். 440 மீட்டரைக் கடக்கும் ஆழம் அங்கேதான். மேற்கே தாழ்நிலம், ஸ்ப்ரூஸ் முதலான ஊசியிலை மரங்களின் காடு. நவம்பர் இறுதியில் உறையும் நீர் ஜூலையில்தான் முற்றும் இளகும். அக்குளிரில் மீன் மெல்ல வளர்ந்து நெடுநாள் வாழ்கிறது. 1995-இல் பிடிபட்ட ட்ரௌட் மீன் ஒன்று 32 கிலோவுக்கு மேல் நிறை நின்றது.

தென்மேற்கு மூலையில் ஏரி நீர் கரடியாறாகப் புறப்பட்டு, மெக்கன்ஸி நதியிற் கலந்து வடகடலை அடைகிறது. ஆறு தொடங்குமிடத்தில், ஓட்டத்தின் வேகத்தால், கடுங்குளிரிலும் நீர் உறைவதில்லை. அங்கேதான் டெனே மக்களின் ஊராகிய டெலினே. நீர் பாயும் இடம் என்பது பொருள். ஏரியின் அடியிலே நீரிதயம் ஒன்று துடிக்கிறது என்பது அவர்தம் முன்னோர் வாக்கு. 1825-இல் பிராங்கிளின் என்னும் ஆங்கிலேயர் இங்கே குளிர்காலத்தைக் கழித்ததனால் அவர் பெயரே ஊருக்கு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1993-இல்தான் சொந்தப் பெயர் மீண்டது.

கீழ்க்கரைப் பாறையிலே 1930-இல் ரேடியக் கனியைக் கண்டுபிடித்தனர். போர்ட் ரேடியம் என்னும் சுரங்கம் எழுந்தது. 1942 முதல் அங்கே தோண்டியது யுரேனியம். அமெரிக்காவின் அணுகுண்டு வேலைக்காக. சாலையில்லாத நாடாகையால் நீரே வழி. மூட்டைகள் ஏரியைக் கடந்து கரடியாற்றுக்கு வரும். ஆறு பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயுமிடத்தில் படகு செல்லாது. அங்கே டெனே ஆடவர் மூட்டைகளைத் தோளில் ஏற்றிச் சுமந்தனர். உள்ளே இருப்பது இன்னதென்று அவர்களுக்குச் சொன்னாரில்லை. சுமந்தோரிற் பலர் பின்னாளில் புற்றுநோயால் மாண்டனர் என்பது ஊராரின் தீராத குறை.

1998-இல் டெலினேயிலிருந்து சிலர் ஹிரோஷிமா சென்று, தம் மண்ணின் பொருள் அக்குண்டுக்கு உதவியதற்காக வருத்தம் தெரிவித்தனர். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இந்தச் சுமை கூலிகள்தாமா என்று நாம் வியவாதிருக்க முடியவில்லை.

சுரங்கத் தலத்தில் பின்னர் நடந்த வெள்ளி வேலையும் 1982-இல் முடிந்தது. அங்கே இன்று குடியில்லை. 2016-இல் டெலினே மக்கள் தமக்கெனத் தன்னாட்சி பெற்றனர். அவ்வாண்டிலேயே யுனெஸ்கோ இவ்வேரிப் பிரதேசத்தை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அவ்வூருக்குச் செல்ல விரும்புவோர் விமானத்தில் போகலாம். குளிர்காலத்திலே சில வாரங்கள் மட்டும், உறைந்த ஏரியின்மீதே வண்டி ஓடும்.