மாற்றிச் சொன்னவர்கள்

இலங்கைப் போரின் கடைசி மாதங்களைக் காட்டும் 'நோ ஃபயர் சோன்' ஆவணப்படத்துக்கு 2014இல் இந்தியத் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்தது. இயக்குநர் கேலம் மக்ரே அதை இணையத்தில் இலவசமாக விட்டார். காரைக்கால்மேட்டில் எங்கள் வீட்டில், அம்மாவோடு உட்கார்ந்து லேப்டாப்பில் பார்த்தேன். ராத்திரியில் அலைச்சத்தம் கேட்கும் வீடு. முல்லைத்தீவுக்கும் எங்களுக்கும் ஒரே கடல்தான்.

படம் முடிந்தபிறகு வன்னியின் மருத்துவர்களைப் பற்றித் தேடினேன். வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா. மூவரும் அரசாங்க டாக்டர்கள். போர்ப் பகுதியில் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று 2009இன் தொடக்கத்தில் அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி மேல் ஷெல் விழுகிறது, மருந்து இல்லை, இன்றைக்கு இத்தனை பேர் செத்தார்கள் என்று இவர்கள் ஃபோனில் வெளியுலகத்துக்குச் சொன்னார்கள். கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

"லிஸ்ட்டுல இல்லாத ஆளுக்கு சோறும் இல்ல, மருந்தும் இல்ல. சுனாமிலயே பாத்தோமே தம்பி" என்றார் அம்மா. பல ஊர்களில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

மே மாதம் டாக்டர்கள் கைதானார்கள். ஜூலை 8 அன்று கொழும்பில் பத்திரிகையாளர்கள் முன் உட்காரவைக்கப்பட்டார்கள். புலிகள் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னோம், செத்தவர்கள் அதிகபட்சம் 750 பேர் என்றார்கள். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது, 40,000 வரை இருக்கலாம்.

வியட்நாம் போர்ப் பொய்களை 1971இல் வெளியே கொண்டுவந்த டேனியல் எல்ஸ்பெர்க் பற்றிய படத்தையும் முன்பே பார்த்திருந்தேன். அவர் பின்வாங்கவில்லை. "இவங்க ஏம்மா மாத்திப் பேசுறாங்க?" என்று கோபப்பட்டேன்.

அம்மா வீடியோவை நிறுத்தச் சொன்னார். "முகத்தப் பாரு. பேச்சக் கேக்காத."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். ஒரு வெள்ளத்துக்கு அப்புறம், வாந்திபேதியில் செத்தவர்களைக் காய்ச்சல் என்று எழுதச் சொன்னார்களாம். "எழுதிட்டேன். எனக்கு யாரும் துப்பாக்கி காட்டல. நாலு மாசம் ஷெல்லடியில நின்னு வைத்தியம் பாத்தவங்கள நீ கோழைங்குற."

எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை. பின்னாளில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த வரதராஜா, அன்றைக்குப் பேசியது கட்டாயத்தின் பேரில்தான் என்று சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினார்.

"செத்தவங்க பேரையாவது எழுதி வச்சிருக்காங்களா?"

"இல்லம்மா. எத்தன பேருங்குறதே இன்னும் முடியல."